ஒரு விரற்கடை கூடின ஷாஃப்ட்

மத்திகிரி பாக்கியராஜின் பிக்கப் வண்டி பாகலூர் ரோட்டு ஏற்றத்தில் நின்றுபோனது. வண்டி நிறையக் கல்கால்கள். முனிசாமி என்ற தோட்டக்காரர் திராட்சைப் பந்தலுக்குச் சொல்லியிருந்தவை. அடியில் சங்கிலி அறுந்து விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் எஞ்சின் மட்டும் உறுமியதே தவிர சக்கரம் அசையவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தான். கியர் பாக்ஸையும் பின் அச்சையும் சேர்த்துச் சுழலும் நீளக் குழாய், ஷாஃப்ட், பிழிந்த துணியைப் போல முறுகி நடுவில் அற்றுப்போயிருந்தது. ஒரு துண்டு ரோட்டைக் கீறியபடி தொங்கியது.

அது அறுபத்தெட்டாம் வருஷம், மார்கழிப் பாதி. வண்டி அதைவிட மூத்தது. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த அமெரிக்க வண்டி. ஓசூருக்கு வருமுன் பல கை மாறியிருந்தது. நடுவில் யாரோ ஒருவன் பின்பக்கம் அதிகச் சாமான் ஏற்றுவதற்காகச் சட்டத்தை வெட்டி, இரும்பு சேர்த்து நீட்டியிருந்தான். அதனால் அந்த வண்டிக்கு ஊர் பேர் இருந்தும் உதிரி பாகம் கிடையாது. என்ன வண்டி என்று சொன்னால் கடைக்காரன் எடுத்துக் கொடுப்பது இதற்குச் சேராது.

பாக்கியராஜ் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல. கயிறு கட்டினால்கூட முடிச்சுகளெல்லாம் ஒரே பக்கமாக விழும். கல்லை இறக்கி ரோட்டோரம் அடுக்கினான். ஒரு உழவு மாட்டு ஜோடியைப் பிடித்து வண்டியைக் கோவிந்தனின் பட்டறைக்கு இழுத்து வந்தான். கோவிந்தன் ஓசூரில் லாரிகளுக்கு வேலை செய்பவன். பாக்கியராஜுக்குப் பள்ளிக்கூட நாள் சிநேகிதன்.

"இதுக்கு நான் எங்கடா போவேன்? பெங்களூரு குஜிரியில, பழைய இரும்புக் கடைங்கள்லதான் தேடணும். பூரா நீளம் தெரிஞ்சிக்கினு போ. ஒடஞ்சத ஒட்ட வெச்சி அளக்காத, பாதி ரோட்டுல தேஞ்சி போச்சி," என்றான் கோவிந்தன்.

பாக்கியராஜ் வண்டியின் பின்பாதியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்தான். சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. உள்ளே புகுந்து, முன் முனையிலிருந்து பின் முனைவரை கெட்டி நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டான். சந்தேகம் தீராமல் மறுபடி பிடித்தான். அதே இடத்தில் முடிச்சு விழுந்தது. நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவசரம் கல்லுக்காக அல்ல. கல் ரோட்டோரம் எத்தனை நாள் கிடந்தாலும் கல்தான். தொரப்பள்ளிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் கூடுகளை ராமநகரம் சந்தைக்குக் கொண்டுபோவது அவனுடைய இன்னொரு வேலை. புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன. கட்டி முடித்ததும் விற்றாக வேண்டும். தாமதித்தால் உள்ளிருக்கும் பூச்சி கூட்டை வெட்டிக்கொண்டு வெளியே வரும். வெட்டின கூட்டில் நூல் எடுக்க முடியாது. போதாக்குறைக்கு ஆனேக்கல் லாரிக்காரன் ஒருவன் நாராயணப்பனைப் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருந்தான். நாராயணப்பன் கூடு வளர்ப்பவர்களில் பெரியவர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு தடவை லாரி வந்துவிட்டால் அப்புறம் அந்த ஊருக்குள் பாக்கியராஜின் வண்டிக்கு வேலையில்லை.

மறுநாள் உடைந்த ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றிப் பெங்களூர் பஸ்ஸில் ஏறினான்.

"ஏனப்பா, பீரங்கியா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க. ஒரு பக்கம் வெடிச்சிட்டுது. மறுபக்கம் உங்களப் பாத்துக்கினு இருக்குது."

"அப்ப அத உன் பக்கம் திருப்பி வெச்சிக்கோ. அதுக்கு டிக்கெட் போடல, போ."

குஜிரிச் சந்தில் பழைய இரும்பு மலைமலையாய்க் குவிந்திருந்தது. போன கடைகளிலெல்லாம் முதலில் வண்டியின் பேரைக் கேட்டார்கள். அவன் பேரைச் சொல்லவில்லை. நூலைத்தான் எடுத்து நீட்டினான். பலர் சிரித்தார்கள். ஒருவர், "சட்டை தைக்க வந்தியா?" என்றார். கடைசியில் வெங்கடம்மாள் கடையில்தான் அவனை உள்ளே விட்டார்கள். புருஷன் போனபின் தானே கடை நடத்துகிற தெலுங்குக்கார அம்மாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பேரு வேணாம் நாய்னா. இரும்புக்குப் பேரு ஏது? உள்ள போய்த் தேடிக்கோ. பாம்பு இருந்தா கூப்டு," என்றார்.

பாம்பு இல்லை. ராணுவ வண்டியிலிருந்து கழற்றிய ஷாஃப்ட்டுகள் ஒரு மூலையில் கரும்புக் கட்டு மாதிரி சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக உருவினான். முனையில் நாலு துளையும் சேர வேண்டும், நீளமும் சேர வேண்டும். துளை சேர்ந்தது குட்டையாயிருந்தது. நீளம் சேர்ந்ததில் துளை ஆறு. வெயில் சாயும் நேரத்தில் ஒன்று கிடைத்தது. நூலை வைத்துப் பார்த்தான். முடிச்சு முனையில் வந்து உட்கார்ந்தது.

"உனக்குன்னே செஞ்சி வெச்சிருந்தான் போல," என்றார் வெங்கடம்மாள்.

அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கோவிந்தன் அதைப் பூட்டினான். தொங்கிக்கொண்டிருந்த அச்சில் அது தட்டாமல் முட்டாமல் ஏறியது. கட்டைகளை எடுத்து வண்டியை இறக்கி வெறுமனே ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமில்லை. பாக்கியராஜ் அப்படியே போய், ரோட்டோரம் கிடந்த கல்கால்களை ஏற்றிக்கொண்டு முனிசாமியின் தோட்டத்துக்குத் திரும்பினான். முதல் பள்ளத்தில் வண்டிக்கடியில் யாரோ சம்மட்டியால் ஓங்கி அடித்தாற்போல் இடித்தது. இரண்டாவது பள்ளத்தில் கியர் கம்பி கையில் துள்ளியது. நிறுத்தினான். கல்லை மறுபடி இறக்கிவிட்டு வெறும் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்தான்.

கோவிந்தன் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். உடனே சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தான்.

"நீ அளக்கும்போது சக்கரம் எங்கடா இருந்திச்சி?"

"தொங்கிக்கினு இருந்திச்சி."

"வண்டி என்னா, தொங்கிக்கினேவா ஓடப்போவுது? தொங்கும்போது அச்சு கீழ போயிடும், தூரம் நீளமாவும். பாரம் ஏறினா வில்லுப் பட்டை அமுங்கும், அச்சு மேல வரும், தூரம் கொறையும். ஷாஃப்ட்டு உள்ள சறுக்கிப்போவ எடம் வேணும்டா. இதுல எடமே இல்ல. ஒரு விரற்கடை கூடுதல். முட்டிக்கினு நிக்கிது. இன்னும் நாலு பள்ளம் எறங்கியிருந்தா கியர் பாக்ஸு பொளந்திருக்கும்."

"ரெண்டு தடவ அளந்தேண்டா."

"ரெண்டு தடவையும் தப்பாத்தான் அளந்த. அதுல ஒரு கொறையும் இல்ல."

வெட்டிக் குறைத்து நேராக ஒட்டவைக்கப் பெங்களூரில்தான் பட்டறை இருந்தது. பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள். பொங்கலுக்குள் பூச்சி வெளியே வந்துவிடும்.

பாக்கியராஜ் அன்றைக்குச் சாப்பாட்டில் மனம் வைக்கவில்லை. அவனுடைய அக்காள் அன்னமேரி களியை மறுபடி பரிமாற வந்தபோது தட்டை மூடினான். "வேணாங்கா. பாரம் ஏறினாத்தான் முட்டுது. வெறும் வண்டியில முட்டல," என்று அவளிடம் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டான். பிறகு எழுந்து கோவிந்தனிடம் போனான். இருவருமாகப் பட்டறையில் கிடந்த சாக்குகளில் வைக்கோலை அடைத்து வண்டி நிறைய ஏற்றினார்கள். கூட்டு மூட்டைகளின் எடைதான் அதுவும் இருக்கும். மெதுவாகப் பள்ளத்தில் இறக்கினான். இடிக்கவில்லை. கோவிந்தனும் இன்னும் நாலு பேரும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். இடித்தது.

வண்டி கூடுகளைச் சுமக்கும். ஆட்களைச் சுமக்காது.

இங்கேதான் சிக்கல். கூட்டுக்காரர்கள் தங்கள் கூட்டைத் தனியே அனுப்புகிற வழக்கமே கிடையாது. அவரவர் மூட்டை மேல் அவரவர் உட்கார்ந்து ராமநகரம்வரை போவார்கள். வழியில் நல்ல கூடு எடுபட்டு அழுக்குக் கூடு உள்ளே வந்துவிடும் என்ற பயம். கூடப் பிறந்த அண்ணன் ஓட்டினாலும் கூடவே ஏறுவார்கள்.

அவன் நாராயணப்பன் வீட்டுக்குப் போய், எல்லோரையும் வரச் சொல்லி, ஒளிக்காமல் சொன்னான்.

"மூட்டைய நான் கொண்டாரேன். நீங்க பஸ்ஸுல வந்துடுங்க. சந்தை வாசல்ல நிக்கிறேன்."

நாராயணப்பன் முகத்தைத் தூக்கினார். "ஏம்பா, பொண்ணத் தனியா வண்டியில ஏத்திட்டு நாங்க பஸ்ஸுல வரணுமா?"

"வண்டி தாங்காதுங்கண்ணா. அளவுல என் தப்பு."

"தப்ப ஒத்துக்கினா கூடு பத்திரமா போயிடுமா? ஆனேக்கல் லாரியில நாங்களும் ஏறலாம், எங்க மாடும் ஏறலாம்."

"லாரி எப்ப வருதாம்?" என்றாள் முனிலட்சுமி. தனியாகப் புழு வளர்க்கும் பெண். எல்லோர் கூட்டையும்விட அவளுடையது முந்தியே பழுத்திருந்தது.

"பொங்கலு சரக்கு எறக்கிட்டு வரேன்னிருக்கிறான்."

"அதுக்குள்ள பூச்சி பறந்திடும். நீங்க வேணா லாரியில பூச்சிய ஏத்திக்கினு போங்க, நாராயணப்பண்ணா. தம்பி, என் மூட்டைய ஏத்து."

நாராயணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. ஆனா முன்சீட்டுல எங்காளு ஒருத்தன் வருவான்."

முன்சீட்டில் ஒருவன் உட்கார்ந்தால் பாரம் பின் அச்சில் அதிகம் விழாது. பாக்கியராஜ் ஒத்துக்கொண்டான். "ஒல்லியான ஆளா இருக்கட்டும்ங்கண்ணா," என்றான்.

யார் ஒல்லி என்று சண்டை வந்தது. ஒல்லியாயிருப்பது அதுவரை அந்த ஊரில் யாரும் உரிமை கொண்டாடாத விஷயம். ராகி மூட்டை நிறுக்கும் தராசைக் கட்டி ஒவ்வொருவராகத் தொங்கினார்கள். ஆஞ்சப்பன் ஜெயித்தான். அவன் மனைவி, "நான் சமைக்கிற லட்சணம் சந்தைவரிக்கும் தெரியணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விடியலில் கிளம்பினார்கள். பாக்கியராஜ் மாற்றுச் சக்கரத்தையும் சாமான் பெட்டியையும் வீட்டிலேயே விட்டிருந்தான். பள்ளம் தெரிந்த இடமெல்லாம் மாட்டுவண்டி வேகத்தில் இறக்கினான். ஆஞ்சப்பன் வழி நெடுகப் பின்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். சூசூவாடி தாண்டி ஒரு பாலத்து மேட்டில் லேசாக ஒரு தட்டல் கேட்டது.

"என்னாது?"

"நம்ம ஷாஃப்ட்டு. பேசிக்கினு வருது."

"பேசவேணாம்னு சொல்லு," என்றான் ஆஞ்சப்பன்.

பெங்களூர் கடந்தபின் அவன் முன்பக்கம் திரும்பித் தூங்கிப்போனான்.

சந்தை வாசலில் நாராயணப்பன் ஆட்கள் முந்தியே வந்து நின்றிருந்தார்கள். வணக்கம்கூட இல்லை. ஏறி அவரவர் மூட்டையை அவிழ்த்து, கையை அடிவரை விட்டுத் துழாவினார்கள். பிறகு மூட்டைகளைக் கட்டி இறக்கினார்கள். ஆனேக்கல் லாரிக்கு அப்புறம் ஆள் அனுப்பவில்லை.

பொங்கல் கழிந்து பட்டறை திறந்தது. பாக்கியராஜ் போகவில்லை. கல் ஏற்றுவதை அத்துடன் விட்டான். முனிசாமி வேறு வண்டி பார்த்துக்கொண்டார். கோவிந்தன் மட்டும், "வண்டிக்கு ஷாஃப்ட்டு தேடுறவனப் பாத்திருக்கிறேன். ஷாஃப்ட்டுக்குப் பாரம் தேடுறவன இப்பத்தான் பாக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். தொரப்பள்ளியோடு சுற்றுக் கிராமங்களின் கூடும் அவன் வண்டிக்கே வந்தது. அடுத்த பருவத்தில் முன்சீட்டு ஆளும் வரவில்லை.

அந்தப் பருவத்தில் முனிலட்சுமி காய்ச்சலாய்ப் படுத்திருந்தாள். தன் மூட்டையை ஏற்றச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கும் வரவில்லை. "நீயே வித்துட்டு வா தம்பி," என்றாள்.

ராமநகரத்தில் அப்போதெல்லாம் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை அமுக்கி விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. கூட்டுக்குச் சொந்தக்காரர்களன்றி வேறு யாரும் அந்தத் துண்டுக்கடியில் கைவிட்டதில்லை. வியாபாரி பாக்கியராஜின் முகத்தைப் பார்த்தார். "டிரைவர் தானே நீ?" என்று கன்னடத்தில் கேட்டார். பின்னால் நின்ற நாராயணப்பன், "கூடு அவன்துதான், பேசுங்க," என்றார்.

பாக்கியராஜ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு துண்டுக்கடியில் நீட்டினான்.