ஸ்பீக்கரில் படித்த சீனம்

அன்று புது மெஷின் முன்னால் நின்றவர்கள்: முதலாளி, மெக்கானிக் ரஃபீக், பட்டுக்கூடு தரம் பிரிக்கும் மாதேவம்மா, மெஷினைப் பூட்டிக் கொடுக்கச் சீனாவிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் சென், என் மனைவி பரிமளா, நான். ஆறு பேரில் உட்கார்ந்து சீனம் படித்த உள்ளூர் ஆள் நான் ஒருவன்தான். ஆனால் சென் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது பரிமளாவிடம்.

மைசூருக்கு வெளியே, பட்டுக்கூட்டை வேகவைத்து நூல் இழுக்கும் ஆலை அது. நான் வெந்நீர்த் தொட்டி வேலையில் நிற்கிறவன், பரிமளா மாதேவம்மாவோடு கூடு பிரிக்கிறவள். அரூரில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு எது நடந்தாலும் பயம்தான் முதலில் வரும். புது மெஷின் வந்தால் பாதி ஆள் போதும் என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அதன் திரை முழுக்கச் சீன எழுத்து என்றார்கள். வரப்போகும் இன்ஜினியரோடு நாலு வார்த்தை பேசக்கூடிய ஆளை மெஷினிலேயே போட்டுவிடுவதாக முதலாளி சொன்னார். அன்றைக்கே போனில் சீனப் பாடத்தை இறக்கிவிட்டேன்.

படிக்க நேரம் எங்கே இருக்கிறது? விடிந்தால் ஷிப்ட், அது முடிந்தால் லோடு இறக்கும் ஓவர்டைம், வீடு வந்தால் தண்ணீர் பிடிக்கும் வேலை. மிச்சமானது, காலையில் பரிமளா சப்பாத்தி தேய்க்கிற அரை மணி. இயர்போன் மாட்டினால் காது போய்விடும் என்று யாரோ சொன்னது மனசில் கிடந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் உட்காருவேன். போன் சொல்லும், நான் திருப்பிச் சொல்வேன், மறுபடி முயற்சி செய் என்று போன் சொல்லும். சீனாக்காரர்களுக்கும் ‘நீ’ என்றால் நீதான் என்று தெரிந்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. கூடவே, படித்த பெரிய மனுசனை எப்படி நீ என்று கூப்பிடுவது என்ற கவலையும் வந்தது. மரியாதைக்கு ‘நின்’ என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதி.

ஒருநாள் போன் சொல்லி முடித்து நான் வாய் திறப்பதற்குள், பின்னாலிருந்து பரிமளா அதைச் சொன்னாள். போன் பச்சை டிக் போட்டது.

“பாட்டு மாதிரி இழுக்கணுங்க. நீங்க வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்க.”

“உனக்கெதுக்கு இதெல்லாம்? சப்பாத்தி கருகுது பாரு.”

சப்பாத்தி கருகவில்லை. கருகினது வேறு.

இது புதிதும் இல்லை. மைசூருக்கு வந்த புதிதில் விஜயநகரில் வீட்டுவேலைக்குப் போன பரிமளா, ஆறே மாதத்தில் கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். நான் இன்றைக்கும் கடையில் கன்னடத்தில் கேட்டால் கடைக்காரர் தமிழில் பதில் சொல்கிறார். “அப்பா, நீ சும்மா இரு, அம்மா பேசட்டும்” என்கிறாள் என் மகள். அரூரில் நிலைமை வேறு. டீக்கடையிலோ தாலுக்கா ஆபீஸிலோ ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். பரிமளா நாலடி பின்னால் வருவாள், கேட்டால் தலையை ஆட்டுவாள். பஸ் எல்லையைத் தாண்டிய இடத்தில் எங்கேயோ வாய் கைமாறிவிட்டது. இன்னொருத்தியிடம் இருந்தால் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஒரே தட்டில் சாப்பிடுகிறவளிடம் அல்லவா இருக்கிறது.

அன்று சாயங்காலமே இயர்போன் வாங்கினேன். காது போனால் போகட்டும்.

“ஏன், நான் கேட்டா ஆகாதா?”

“உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான்.”

“எனக்கா, உங்களுக்கா?” என்று சிரித்தாள். அதற்குப் பிறகு வந்த பாடமெல்லாம் என் காதுக்கு மட்டும்.

அப்படியெல்லாம் காபந்து செய்து படித்துவிட்டு, சென் முன்னால் நின்று “நின் ஹாவ்” என்று வணக்கம் சொன்னேன். அவர் காதைச் சாய்த்து, “சாரி?” என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் சாரி.

“அண்ணா, அவ்ருக்கு கன்னடமும் வராது, தமிழும் வராதுண்ணா” என்றான் ரஃபீக்.

பரிமளா வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு அதே இரண்டு சொல்லை இழுத்துச் சொன்னாள். சென்னின் முகம் மலர்ந்துவிட்டது. தொட்டியைக் காட்டித் தண்ணீர் என்றாள், சூடு என்றாள். எல்லாம் அடுப்படிப் பாடம். சென் கை தட்டினார். மாதேவம்மா, “நோட்ரி, நம்ம பரிமளா சைனா ஆகிபிட்டளு!” என்றார். பாருங்கள், நம்ம பரிமளாவாம். என்னை யாரும் அங்கே ‘நம்ம’ போட்டுச் சொன்னதில்லை.

அப்போது சென் அவளைப் பார்த்து, “நி ஜ்யா ஸாய் நாலி?” என்று கேட்டார். இது இயர்போன் பாடம். பரிமளா விழித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மைசூருக்கு வந்த பிறகு ஒரு வார்த்தைக்காக அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை. கொஞ்சம் நிற்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் தாமதித்தால் இரண்டு பேருக்குமே இடமில்லாமல் போகுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

“உன் வீடு எங்கன்னு கேக்குறாரு.”

அரூர் என்பாள் என்று காத்திருந்தேன். அந்தப் பாடத்தை நான் அரூர் போட்டுத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். அவள் யோசிக்கவே இல்லை. “மைசூரு” என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

சென் என் பக்கம் திரும்பி, “நி ன?” என்றார். நீ? என்கிற முதல் பாடம். என் வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. நின்றுகொண்டிருந்த ஈரச் சிமெண்டுத் தரையைப் பார்த்தேன். அதற்குள் பரிமளா, சென் கேள்வியில் வந்த ‘ஸாய்’யைப் பிடித்துக்கொண்டு, “தா யே ஸாய் மைசூரு” என்று சொல்லிவிட்டாள். அவரும் மைசூரில்தான்.

முதலாளி அவளிடம், “நாளையிந்த மிஷின் ஹத்ர நீவே இரி அம்மா” என்றார். நாளை முதல் மெஷினோடு நீங்களே இருங்கள். என்னிடம், “நீனு இல்லே இரு.” நீ இங்கேயே இரு. வேலை போகவில்லை, தொட்டி மிஞ்சியது. அதுவும் எனக்கும் சேர்த்துப் பேசிய அவள் வாயால்.

திரும்பும்போது பரிமளா வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனில் பக்கத்து வீட்டம்மாவிடம் கன்னடத்தில் கதை முழுவதையும் சொல்லிக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது, ஹெல்மெட்டுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்: வோ ஜ்யா ஸாய் அரூர். என் வீடு அரூரில் இருக்கிறது. இந்தமுறை இழுப்பு சரியாக விழுந்தது.

“என்னங்க, ஏதோ சொன்னீங்க?”

“ஒண்ணுமில்ல.”

பச்சை விழுந்தது. வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.