பாறைமேல் பார்த்த பெரியப்பா

பதினோரு வயதில் நான் மூன்று வாரம் சாமியாக இருந்தேன். அதற்குப் பிறகு கார்மென்டில் தைத்திருக்கிறேன், கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்றிருக்கிறேன், இப்போது கடல் தாண்டி வந்து இன்னொருவர் வீட்டில் சமைக்கிறேன். எந்த வேலையிலும் அந்த மூன்று வாரத்து மரியாதை கிடைத்ததில்லை.

எங்கள் தோட்டம் றக்வானை டவுனுக்கு மேலே இருக்கிறது. மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ரப்பர். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா, ஒரே ஒரு டீவி. அது மூன்றாம் காம்பராவில் இருந்ததால் அந்த வீட்டுக்காரம்மாவை எல்லோரும் டீவிக்கார அக்கா என்றோம். மாலை ஏழு மணிக்கு இந்தியச் சீரியல் தொடங்கும்போது லயமே அங்கே கூடிவிடும். யார் பாயில், யார் வாங்குப் பலகையில், யார் வாசற்படியில் என்று அக்காதான் தீர்மானிப்பார். அவரோடு கோபத்தில் இருப்பவர்கள் உள்ளே வர முடியாது. வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று சன்னல் வழியாகப் பார்க்கலாம். மழை அடித்தால் அக்கா சன்னலைச் சாத்திவிடுவார். எங்கள் பக்கம் மழை அடிக்காத நாட்களை விரலில் எண்ணிவிடலாம்.

என் பெரியம்மா சன்னலில் நின்று பார்ப்பவர்.

காரணம் பெரியப்பா. அவர் முன்பு ரப்பர் பெக்டரியில் வேலை செய்தார். அங்கே உறைந்த ரப்பர் பாலைத் தகடாக நசுக்கும் ரோலரில் இடதுகைச் சுட்டுவிரலின் பாதி போனது. தோட்டத் துரையின் நாய் கடித்துத் தின்றுவிட்டது என்று எங்களிடம் சொல்வார். அந்த அரைவிரலால் எங்கள் விலாவில் குத்திச் சிரிக்க வைப்பார். பெக்டரி மூடியதும் கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனார். முதல் வருடம் வாரத்துக்கு ஒருமுறை டவுன் கடைக்குப் போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு ஐந்து மாதமாக ஒன்றுமே இல்லை. பெரியம்மா கடையிலிருந்து போன் போட்டால் யாரோ ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அது கம்பெனியின் பதிவுக் குரல் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

இதை வைத்து ஒருநாள், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைக்கும்போது டீவிக்கார அக்கா, "அனே பாவம், அங்க ஒரு குடும்பம் செட்டாயிருச்சு போல. பொம்பளதான் போன எடுக்குறாளாமே" என்றார். பெரியம்மா வாளித் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தார். அன்றிலிருந்து சன்னல். அந்தப் பேச்சு மட்டும் பீலியோடு நிற்காமல் கொழுந்து பறிக்கும் மலைவரை போய்விட்டது. பெரியம்மா தலை தெரிந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்துவார்கள். அவர் மெலிந்துகொண்டே போனார்.

அப்போதுதான் மாமா கொழும்பிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி, சாப்பாட்டுக் கடையில் வேலை. மஞ்சள் காமாலை வந்ததால் முதலாளி மூன்று வாரம் அனுப்பி வைத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. கையில் கண்ணாடி வெடித்த பெரிய போன் ஒன்று இருந்தது. தொட்டால் வேலை செய்கிற போனை நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

லயத்தில் சிக்னல் கிடையாது. நாலாம் நம்பர் மலைக்கு மேலே உள்ள தட்டைப் பாறையில்தான் கிடைக்கும். மாமா என்னை அங்கே கூட்டிப்போய், "என்னா பாக்கப் போற, சொல்லு" என்றார். நான் சீரியலைச் சொன்னேன். முந்தின நாள் பார்த்ததைத்தான் காட்டுவார் என்று நினைத்தேன். போனில் வந்ததோ நான் பார்த்திராத வீடு, பார்த்திராத குழந்தை. கண் தெரியாத மருமகளுக்குக் கண் தெரிந்தது. செத்துப்போகாத ஒருவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நம் சேனல் எட்டு மாதம் பிந்திப் போடுகிறது, இந்தியாவில் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்று மாமா விளக்கினார். விளக்கம் என் காதில் ஏறவில்லை. இனி நடக்கப்போவது அதற்குள் இருக்கிறது என்பது மட்டும் ஏறியது. நடுவில் மாமா ஒரு விரலால் தொட்டார். திட்டிக்கொண்டிருந்த மாமியார் வாய் திறந்தபடி அசையாமல் நின்றார். மறுபடி தொடும்வரை அவரால் மிச்சத்தைத் திட்ட முடியவில்லை. ஏழு மணிக்காகப் பிந்தாமல் ஓடிவந்து, முண்டியடித்து, கழுத்து வலிக்கப் பார்த்த சீரியல் என் மாமாவின் விரலுக்கு இப்படிப் பயந்து நின்றதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

யோசனை மாமாவுடையதுதான். சனிக்கிழமை என் நெற்றி நிறையத் திருநீறு பூசி டீவி வீட்டுக்கு அனுப்பினார். விளம்பர இடைவேளையில் நான் கண்ணை மூடிக்கொண்டு, "திங்கக்கிழம மாமியார் படியில இருந்து விழுவாங்க. தள்ளுறது மருமக இல்ல, சின்ன மகன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை மாமியார் விழுந்தார். சின்ன மகன்தான் தள்ளினான்.

அந்த வாரமே எனக்கு உட்கார, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையைக் கொடுத்துவிட்டார் டீவிக்கார அக்கா. ரொட்டியும் கட்டச்சம்பலும் தேடி வந்தன. மாடு எப்போது கன்று போடும், அஞ்சாம் வகுப்புப் பரீட்சையில் பையன் தேறுவானா என்று கேட்டார்கள். பாதி விளையாட்டு, பாதி பயம். ஆடித் திருவிழாவில் அம்மன் இறங்கும் ஆட்களை வருடா வருடம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சிறுமியின் மேல் இறங்குவது பெரிய அதிசயமல்ல. அம்மா மட்டும், "ஏழாம் வாய்ப்பாடு வரல, இவளுக்கு அருள் வருதாம்" என்று முறைத்தார். மாமா பாயில் படுத்துக்கொண்டு போர்வைக்குள் குலுங்கினார்.

இரண்டாவது வாரம் பெரியம்மா வந்தார். தட்டில் வெற்றிலையும் பாக்கும் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தன. என் முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். எனக்குத் தலைவாரி விடுகிறவர், மூக்கைச் சிந்தி விடுகிறவர்.

"ஒங்க பெரியப்பா எப்ப வருவாருன்னு சொல்லு சாமி" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஏமாற்றுவதற்காக அல்ல. சீரியலில் நடக்கப்போவது போனில் இருக்கிறதென்றால் பெரியப்பாவும் அதில் எங்கோ இருக்கத்தானே வேண்டும்? தேடவில்லை, அவ்வளவுதான் என்று நான் உறுதியாக நம்பினேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் தலைமாட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினேன்.

கட்டாரில் இருக்கும் தமிழ் ஆட்கள் என்று எழுத்து எழுத்தாகத் தட்டினேன். கோபுரம் கோபுரமாகக் கட்டடங்கள் வந்தன, ஒட்டகம் வந்தது, கல்யாண வீடு வந்தது. வட்டம் சுற்றும்வரை காத்திருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கால் விரலிடுக்கில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. அப்புறம் அந்தப் படம் வந்தது.

ஒரு காம்பரா. மேலும் கீழுமாக இரும்புக் கட்டில்கள், குறுக்கே கொடியில் ஈரச் சாரங்கள். ஏழெட்டு ஆண்கள். ஒருவர் பனியனோடு நின்று, "வணக்கம் மக்களே, இன்னைக்கு வெள்ளிக்கிழம, நம்ம ரூம்ல கோழிக் கொழம்பு" என்றார். நான் வாயைப் பிளந்தேன். டீவியில் நான் அதுவரை பார்த்தவர்கள் தூங்கும்போதும் பட்டுச்சேலை கட்டியிருந்தவர்கள். இவருடைய பனியனில் ஓட்டை இருந்தது. அடி கருகிய சட்டி எங்கள் வீட்டுச் சட்டி. எங்களைப் போன்றவர்களும் இதற்குள் போகலாம், யாரிடமும் கேட்காமல் போகலாம், போய்ச் சட்டியைத் திறந்து காட்டலாம் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. சாமியாக இருந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மூலையில் ஒருவர் குந்தியிருந்து வெங்காயம் உரித்தார். பக்கவாட்டில்தான் முகம், அதிலும் தாடி. ஆனால் அந்தக் கூன் பெரியப்பாவின் கூன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று ஏழு மணிக்குச் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "பெரியப்பா போனுக்குள்ள இருக்காரு! வெங்காயம் உரிக்கிறாரு!" என்று கத்தினேன். டீவியின் சத்தத்தை அக்காவே குறைத்தார். சன்னலில் பெரியம்மாவின் முகம் கம்பியோடு ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு காலை லயமே பாறைக்கு ஏறியது. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு டீவிக்கார அக்காவும் வந்தார். போகிற வழியில் மாமா என் கையைப் பிடித்து இழுத்து, "நல்லாப் பாத்தியா புள்ள? அவருதானா?" என்று கேட்டார். "அவர்தான்" என்றேன். மாமாவின் முகம் காமாலையைவிட மோசமாக இருந்தது.

பெரியம்மா பாறையில் குந்தி, போனை இரண்டு கையாலும் வாங்கினார். நான் அவர் முதுகில் சாய்ந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். படம் ஓடியது. வட்டம் சுற்றியது. மறுபடி ஓடியது.

"தம்பி, அந்தக் கைய கொஞ்சம் பெருசாக்க ஏலுமா?"

மாமா படத்தை நிறுத்தி இரண்டு விரலை வைத்து விரித்தார். வெங்காயத்தைப் பிடித்திருந்த கை கண்ணாடி முழுவதும் நிறைந்தது. பெரியம்மா அதையே பார்த்தார். மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து காலில் இல்லாத அட்டையைத் தேடினார்.

"என்னா அக்கா, அவருதானா?" என்று பின்னாலிருந்து டீவிக்கார அக்கா கேட்டார். கீழே பீலியில் தண்ணீர் விழுவது பாறைவரை கேட்டது.

பெரியம்மா நிமிர்ந்தார். "அவர்தான். பின்ன யாரு? தாடி வச்சா எனக்கு அடையாளம் தெரியாதா? வீட்டுல ஒரு வெங்காயத்தத் தொட்டதில்ல இந்த மனுசன். அங்க போயி ஊருக்கே உரிக்கிறாரு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா போனை டீவிக்கார அக்காவிடம் நீட்டினார். "நல்லா எண்ணிப் பாருங்க. ரூம்ல பொம்பள யாரும் இருக்காளா?"

அக்கா வாங்கிப் பார்த்தார். கோழி வேகும்வரை பார்த்தார். "இல்லக்கா, ஆம்பளைங்கதான்" என்றார் சின்னக் குரலில்.

அத்தோடு என் சாமி வேலை போனது. அருள் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் கோபிக்கவில்லை. கொஞ்சநாள், "சாமிக்குப் போன்ல ரீலோட் போட்டாத்தான் வாய் தெறக்கும்" என்று கேலி செய்தார்கள். டீவிக்கார அக்கா பெரியம்மாவுக்கு உள்ளே பாய் போட்டார். அவர் போகவில்லை. அதற்குள் டவுனில் முஸ்லிம் நானாவின் கடையில் பழைய போன்கள் வரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு மாலையும் பாறையில் இரண்டு மூன்று பேர் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குவைத்தில் ரொட்டி தட்டுவதைப் பார்ப்பார், ஒருவர் மலேசியாவில் முடி வெட்டுவதைப் பார்ப்பார். கடைசியில் அக்காவே டீவியின்மேல் பூப்போட்ட துணியை விரித்துவிட்டுப் பாறைக்கு வந்து, நகர்ந்து இடம் விடச் சொன்னார்.

பெரியப்பா ஒன்றரை வருடம் கழித்து வந்தார். கம்பெனி மூடி, பாஸ்போட் கைக்குக் கிடைக்காமல் ஆட்களைத் தூரத்தில் ஒரு கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்களாம். ஒரு பையும் ஒரு போர்வையுமாக வந்தார். மறுநாள் காலை பீலியில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது டீவிக்கார அக்கா, "அண்ணே, நீங்க வெங்காயம் உரிச்சத நாங்க எல்லாருமே பாத்தோம்" என்றார்.

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா தலை நிமிராமல் துணியை முறுக்கிப் பிழிந்தார்.

"ஆமா" என்றார் பெரியப்பா மெதுவாக. "உரிச்சேன். கண்ணு எரிஞ்சிச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்டுபிடித்தவள் நானல்லவா? அவருடைய இடதுகையில் பல்பொடி இருந்தது. அரைவிரல் அதில் தோய்ந்திருந்தது. தினமும் பார்த்த விரல்தானே என்று நான் அதைக் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே என் கட்டிலில் படுத்தபடி அந்தப் படத்தைத் தேடினேன். இன்னும் இருக்கிறது. அதே பனியன், அதே சட்டி. மூலையில் அவர் குந்தியிருக்கிறார். நிறுத்திவிட்டு, மாமா செய்ததுபோலவே இரண்டு விரலை வைத்து விரித்தேன். வெங்காயத்தைப் பிடித்திருந்த இடதுகையில் சுட்டுவிரல் முழுசாக, நகத்தோடு இருந்தது.

அன்று பாறையில் பெரியம்மா அந்தக் கையை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நினைத்துப் பார்க்கிறேன். நானும் அவர் முதுகில் சாய்ந்து அதையேதான் பார்த்தேன். ஒரு கையை இவ்வளவு பெரிதாக்க முடிகிறதே என்ற ஆச்சரியம் மட்டும்தான் எனக்கு இருந்தது.