டிராக்டர் பயிற்சியில் நான் செய்த மொழிபெயர்ப்பு

விவசாயக் கல்லூரியில் நான் கடைசி ஆண்டு படித்தபோது, கல்லூரிக்கும் ஒரு டிராக்டர் கம்பெனிக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்த மாணவர்களுக்குக் கம்பெனி இரண்டு மாதம் கிராமத்தில் பயிற்சி கொடுக்கும். ஒவ்வொருவருக்கும் துணையாக உள்ளூர் மாணவன் ஒருவன். முடிவில் அந்த இருவரில் ஒருவருக்கு வேலை. வெளிநாட்டுக்காரர் தேறினால் அவருடைய நாட்டுக் கிளையிலேயே சேர்ந்துவிடலாம்.

எனக்கு ஜோடியாக வந்தவர் கென்யாக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஊரில் மனைவியும் பெண் குழந்தையும் இருந்தார்கள். தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் கிராமத்தில், என் அப்பாவின் நிலத்தில்தான் பயிற்சி.

கழக ஆட்சி வந்த புதிது. கூலித் தகராறு ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது. சேரியில் செங்கொடி ஏறியிருந்தது. அப்பாவும் மற்ற மிராசுதார்களும் வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார்கள்.

ஒரு நாள் காலை கென்யாக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு நாற்றங்காலுக்கு வந்தார். டிராக்டரைப் பற்றி வேலையாட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிக்கையில் எழுத வேண்டும். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து என்னிடம் சொன்னார்:

"சின்னய்யா, அவருகிட்ட சொல்லுங்க. இந்த வண்டி வந்ததுலேருந்து எங்க ஆம்பளைங்களுக்கு உழவு இல்ல. நடவுக்கும் வெளியூர் ஆளக் கொண்டாரப் போறாங்களாம். கூலியப் பேசி முடிக்காம நாங்க வயல்ல எறங்க மாட்டோம்."

வரப்பில் அப்பா குடை பிடித்து நின்றிருந்தார். நான் ஆங்கிலத்தில், "வேலை சுலபமாகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம் என்கிறார்" என்றேன்.

"இவ்வளவு நேரம் பேசினாரே" என்றார் கென்யாக்காரர். "கூலி என்ற சொல் காதில் விழுந்தது. எங்கள் நாட்டில் ரயில் பாதை போட வந்த இந்தியர்களை அப்படித்தான் சொல்வார்கள்."

"கூலியும் திருப்தி என்றுதான் சொன்னார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். மறு வாரமே நடவு நின்றது. ஆட்களுக்கு ஊரில் திருவிழா என்று அவரிடம் இன்னொரு பொய் சொல்லிவைத்தேன்.

நேர்காணலில் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். அதிகாரி கென்யாக்காரரின் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "அந்த ஊரில் பத்து நாள் வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்டார். கென்யாக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கேள்வி எனக்கு வந்தது. வேலைநிறுத்தத்தின் காரணங்களை ஒன்று விடாமல் சொன்னேன். கிராமத்தை நன்றாகப் புரிந்துவைத்திருப்பதாக அதிகாரி பாராட்டினார்.

வெளியே வந்ததும், "அன்று அந்த அம்மா உண்மையில் என்ன சொன்னார்?" என்று கேட்டார் அவர். முழுவதையும் சொன்னேன். அப்பா நின்றிருந்ததையும் சொன்னேன்.

"உள்ளே உங்கள் அப்பா இல்லையே" என்றார். குரல் உயரவே இல்லை. அந்த மாதமே ஊருக்குப் போய்விட்டார். அங்கே என்ன வேலைக்குப் போனார் என்பதை விசாரிக்கும் துணிவு எனக்கு வரவில்லை. அந்தக் கம்பெனியில் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

வேலைக்கான உத்தரவு வந்த அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அந்த ஆப்பிரிக்காப் பையன் நல்லா படிச்சவன்னியே. அவனுக்கு ஏண்டா கெடைக்கல?"

"அவருக்குத் தமிழ் தெரியாதுல்லப்பா" என்றேன்.