சர்வர் அண்ணனின் சோதனை நோயாளி

“எந்திரி ராசா, எந்திரி” என்று சர்வர் என்னும் அந்தக் கறுப்புக் கணினிப் பெட்டியின் தலையைத் தட்டிக்கொடுக்கிறார். கழுத்தில் மப்ளர், கையில் பாகாக இனிக்கும் டீ. சர்வர் அறையின் குளிர் மனிதருக்காக வைத்ததல்லவே! எங்கள் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவர் எல்லோருக்கும் சர்வர் அண்ணன். நான் இங்கே உணவு ஆலோசகர். நோயாளிகளிடம் இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையில் கிரீம் பிஸ்கட்டைப் பதுக்கி வைப்பவள். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போவதற்குக் கேட்கவா வேண்டும்?

நோயாளி சாப்பிட்டதைப் பதிந்தால் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லும் புதிய மென்பொருள் வந்திருக்கிறது. அந்த விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் சர்வரை நிறுவத்தான் இவ்வளவு பாடு. வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டே தன்னைத்தானே கிண்டலடிப்பார். “நான் பாஸ்வேர்ட் வெச்சா என்னாலயே தொறக்க முடியாதும்மா. அவ்ளோ பாதுகாப்பு!”

நிறுவியதும் கற்பனையாக ஒரு நோயாளியைப் பதிந்து சோதிக்க வேண்டும். கற்பனைக்கு அவருக்குப் பொறுமை கிடையாது, தன்னையே பதிந்துவிட்டார். குடித்த டீ, அடிக்கடி எடுக்கும் தாகம், அப்பாவுக்கு இருந்த நோய், எதையும் மறைக்கவில்லை. நானும் என்னைப் பதிந்தேன், கல்யாணத்தன்று இருந்த எடையோடு. எனக்குப் பச்சைக் கோடு வந்தது. அவருக்கு நீளமாகச் சிவப்பு. கீழே, ‘ரத்தப் பரிசோதனை அவசியம்’.

“டேட்டாபேஸ்ல ஏதோ கோளாறு” என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவினார். மறுபடியும் சிவப்பு. “மெமரி பத்தல” என்று அதையும் கூட்டினார். சிவப்புக் கோடு முன்னைவிட வேகமாக வந்தது, அவ்வளவுதான்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

“எங்கப்பாவுக்குக் கால எடுத்தது இந்தச் சக்கரையிலதாம்மா. வீட்ல அவளும் டெஸ்ட் எடுங்க, எடுங்கன்னு தெனமும் கெஞ்சுறா. பாக்காத வரைக்கும் நமக்கு ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்.”

“ஒரு சொட்டு ரத்தம்தாண்ணே. இப்பவே பாத்துடலாம்” என்று சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“எல்லாத்தையும் அழிச்சுப் போட்டுப் பாத்தாச்சு. இனி மாத்துறதுக்கு நான் மட்டுந்தான் பாக்கி” என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டு, விரலை என்னிடம் நீட்டினார்.