எலி கடித்த அரைக்கால்

புருல்சாவின் வகுப்பில் பின்னம் என்றால் ரொட்டி. நாரின் என்ற மலை நகரத்துப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாக நான்காம் வகுப்பு அவளுடையது. கிழிந்த கம்பளி விரிப்புகளை ரொட்டிபோல வட்டம் வட்டமாக வெட்டி, அரை, கால், அரைக்கால் என்று துண்டு போட்டு, பெஞ்சுக்கு ஒரு பையாகத் தைத்து வைத்திருந்தாள். மணி அடித்ததும் பெஞ்சுக்கு ஒருவர் எழுந்து சத்தமில்லாமல் பையை எடுத்து வருவார்கள். அந்தச் சத்தமில்லாமைக்கே அவளுக்கு இரண்டு மாதம் பிடிக்கும்.

பக்கத்துப் பள்ளி அனார்குல் ஒரு இலையுதிர் காலத்தில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருவர் பாடத்தை ஒருவர் போய்ப் பார்ப்பது அங்கே வழக்கம். ஆசிரியையை 'எஜெ', அதாவது அக்கா, என்று கூப்பிடுவதும் வழக்கம்.

"எஜெ, உங்ககிட்ட கத்துக்கலாம்னு வந்தேன். விரட்டிடாதீங்க."

மூன்று வாரம் வந்தாள். இடைவேளையில் புருல்சா தேநீருக்குப் போனபோது, ஒரு பையைக் கொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டாள். அடுத்த வருடமே 'அனார்குல் முறை' என்று வழவழப்பான தாளில் ஒரு கையேடு வந்தது. தன் துண்டுகளைக் காட்டிப் புருல்சா உயர்நிலை ஆசிரியர் தகுதிக்கு அனுப்பிய விண்ணப்பமோ ஒற்றை வரியோடு திரும்பி வந்தது: அனார்குல் அவர்களின் முறையைப் பார்த்துச் செய்தது.

அந்தக் கடிதத்தை அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். தினமும் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள்.

வசந்தத்தில் மாநில ஆசிரியர் போட்டி அவர்கள் பள்ளியில் நடப்பதாக முடிவானது. போட்டியாளர் முன்பின் தெரியாத வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும். எந்த வகுப்பு என்பது மணியடிக்கும்வரை அவருக்குத் தெரியக்கூடாது. பட்டியலில் அனார்குல் பெயரைப் பார்த்ததும் புருல்சா தலைமையாசிரியர் ஷர்ஷென் அறைக்குப் போனாள்.

"அகாய், அனார்குலுக்கு என் வகுப்பைக் கொடுங்க."

"வேணாம் புருல்சா. இங்க யார் யாரோடதை எடுக்கலை? விட்டுத் தள்ளு."

"விட்டுடறேன். வகுப்பை மட்டும் கொடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் முகத்தைப் பார்த்தா பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

பிள்ளைகளிடம் அவள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. வரும் எஜெ சொல்வதை எப்போதும்போலச் செய்யுங்கள் என்றாள், அவ்வளவே. வேறு சொல்ல வேண்டியதும் இல்லை. அனார்குல் பார்த்துப் போன மூன்று வாரத்தில் நடக்காத பாடம் ஒன்று இருந்தது. எல்லாப் பையிலும் எட்டு அரைக்கால் துண்டில் ஒன்றைப் புருல்சா வேண்டுமென்றே ஒரு விரல் குறைத்து வெட்டியிருந்தாள். வட்டம் மூடாது. ஏன் என்று பிள்ளைகளே ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். எலி கடித்த துண்டு என்று அதற்குப் பெயர். கண்டுபிடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்போதுதான் அடுத்த பெஞ்சும் தானே தேடும்.

போட்டியன்று அனார்குல் உள்ளே வந்தாள். பின்னால் வகுப்பாசிரியையாக நடுவர்களோடு உட்கார்ந்திருந்த புருல்சாவைப் பார்த்து அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனாலும் மணி அடித்துவிட்டது. தொழிற்சாலைக் கம்பளியில் வெட்டிய புத்தம்புதுத் துண்டுகள் பெஞ்சுக்குப் பெஞ்சு போயின. எட்டு அரைக்காலையும் வட்டமாகச் சேர்க்கச் சொன்னாள்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஜன்னலோர மெதெத் ஒரு துண்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்தான். பிறகு அவன் முன்பெஞ்சில் ஒருத்தி. பிறகு நடுவரிசை முழுக்க. பதினான்கு பெஞ்சிலும் பெஞ்சுக்கொரு தலையில் கம்பளித் துண்டு, மூச்சுச் சத்தம் இல்லை.

"என்னப்பா இது, விளையாட்டா?" என்றாள் அனார்குல்.

"எலித்துண்டு, எஜெ," என்றான் மெதெத். "கண்டுபிடிச்சுட்டோம்."

"அது... தையல்காரி தப்பா வெட்டியிருப்பா. கீழ வை."

"எல்லாப் பையிலயுமா?" என்று கேட்டது மெதெத் அல்ல, நடுவர்களில் மூத்த அம்மாள். அவர் கையேட்டைப் புரட்டி, அச்சிட்டிருந்த அளவுப் படத்தின் மேல் ஒரு துண்டை வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே விரல் குறைச்சல். பிறகு மெதெத்தைப் பார்த்து, "இதை எங்க கத்துக்கிட்ட, கண்ணு?" என்றார்.

"இந்த வகுப்புலயேதான். எங்க எஜெ வெட்டினது."

பாடம் முடிந்ததும் அனார்குல் தாழ்வாரத்தில் புருல்சாவின் கையைப் பிடித்தாள்.

"எஜெ, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம்னு சொல்லிடுங்க. அடுத்த பதிப்புல உங்க பேரையும் போடறேன். முதல்லயே போடறேன்."

"என் பேருக்குப் பக்கத்துல உன் பேரா?" புருல்சா கையை விடுவித்துக்கொண்டாள். "உள்ள போ. சுய ஆய்வுக்குக் கூப்பிடறாங்க."

பாடம் எடுத்தவரே முதலில் எழுந்து, தன் பாடத்தில் எதை ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே மற்றவர்கள் வாய் திறப்பார்கள். புருல்சா முன்வரிசையில், அனார்குலுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தத் துண்டை நான் குறைத்து வெட்டியதன் நோக்கம்..." என்று அனார்குல் ஆரம்பித்தாள்.

நடுவர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள். நோக்கம் என்னவென்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அந்த வாக்கியம் முடிவதற்காக அவசரமே இல்லாமல் காத்திருந்தாள்.