பாதி லட்டு

பெண் பார்க்க வந்தது பங்குனியில் என்று என் மைத்துனன் இன்றும் சாதிக்கிறான். மாசிதான். எறையூரில் கரும்பு வெட்டு அப்போது முடிந்திருக்கவில்லை. வந்தவர்களின் கார் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தாமதமானது. எனக்குப் பாடம் நடத்த மைத்துனனுக்கு அந்த நேரம் தோதாகப் போயிற்று.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் சுகர் கிகர்னு வாயைத் தொறக்காதீங்க. மாத்திரை டப்பாவை அக்கா பீரோவுல வெச்சுட்டா. இனிப்பு குடுத்தா வாங்கித் தின்னுங்க."

"தின்ன மாட்டேன்."

"ஒரு லட்டுல உசுரா போயிடும்? பொங்கலுக்கு அடுப்படியில நின்னுக்கிட்டு நீங்க அதிரசம் தின்னதை நான் பாக்கலையா?"

"தின்னேன். அது ஆசைக்குத் தின்னது. இது பயத்துக்குத் தின்னச் சொல்ற."

"பொண்ணு வாழ்க்கைங்க" என்றாள் என் மனைவி. மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. போனில் பேசியும் இருந்தாள். நான் வாயைத் திறந்தால் கெடப்போவது எது என்று தெரிந்துதான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கம் குடிக்கிறவன் தான் குடிப்பதைச் சொல்வான். பீடி பிடிக்கிறவன் காது மேலேயே சொருகிக்கொண்டு வருவான். சர்க்கரை நோயை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் பெண்ணுக்கும் வரும், பேரனுக்கும் வரும் என்று சம்பந்தம் நின்றுவிடும். அதனால் பெரம்பலூர்க்காரர் மாத்திரை வாங்க அரியலூர் பஸ் ஏறுவார். அரியலூர்க்காரர் பெரம்பலூர் பஸ் ஏறுவார். வழியில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று ஒதுங்கிக் கடந்து போகும்.

ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணனும் அப்படித்தான். மகளைக் கட்டிக்கொடுக்கும் வரைக்கும் என்று ஒளித்தார். பெரம்பலூர் வந்து மாத்திரை வாங்கினார்; வர முடியாத மாதம் வாங்கவில்லை. கால் விரலில் புண் வந்ததை அண்ணியிடம்கூடக் காட்டவில்லை. கல்யாணம் நன்றாகவே நடந்தது. பந்தியில் நின்று பரிமாறியபோதே அவருக்கு இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பிறகு வெட்டி எடுத்தார்கள்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக இருந்தேன். அது புரட்டாசி. மாத்திரை வரிசைக்குப் பக்கத்து பெஞ்சில் என் அருகே ஒருவர் வந்து உட்கார்ந்தார். தலையில் துண்டு, கையில் சுகர் மாத்திரைப் பொட்டலம். எந்த ஊர் என்று கேட்டேன். "இங்கதான், பக்கத்துல" என்றார்.

பெண் பார்க்கும் அன்று பூலாம்பாடியிலிருந்து வந்த காரில் முதலில் இறங்கியவர் அவர்தான். மாப்பிள்ளையின் அப்பா. துண்டு இப்போது தோளில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட வந்த கை ஒரு கணம் நின்றது.

பெண்ணைப் பார்த்தார்கள். பிடித்துவிட்டது என்று அங்கேயே சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா, கொண்டுவந்த லட்டு டப்பாவைத் திறந்து கணவரிடம் நீட்டினார். "சம்பந்திக்கு உங்க கையால குடுங்க."

அவர் ஒரு லட்டை எடுத்து இரண்டாகப் பிட்டார். ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவருக்கு.

"எனக்கு சுகர் இருக்குங்க. வேண்டாம்" என்றேன்.

மைத்துனன் இருமினான். மாப்பிள்ளையின் அம்மா டப்பாவை மூடினார்.

"எத்தனை வருசமாண்ணே?"

"அஞ்சாறு வருசம் இருக்கும்மா."

"உங்க வழியில வேற யாருக்காச்சும்?"

"எங்க அண்ணனுக்கு. கால் விரலையே எடுத்தாச்சு."

"எங்க வூட்ல அந்தப் பேச்சே கிடையாதுண்ணே. இவருக்கு அறுபது ஆகப்போகுது. ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்ல."

அவர் தன் பாதியை வாயில் போட்டு மென்றார். என் பாதி அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று பார்த்தார். பிறகு அதையும் தின்றார்.

கார் கிளம்பியதும் மைத்துனன் ஆரம்பித்தான். "மெடல் குத்திக்கங்க மாமா. நெஞ்சுல குத்திக்கங்க." பெஞ்சில் பார்த்ததை அன்றைக்கு மனைவியிடம் மட்டும் சொன்னேன். "அந்தம்மா அவ்வளவு பேசுச்சே, அந்தாளைப் போட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்றாள். என் நோயைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் நோயை அவர்தான் சொல்ல வேண்டும். இப்போதும் அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை.

மகள் அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. தட்டை வைத்தாள், போனாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேனா என்றால், இல்லை. கறுத்த விரல்களோடு பந்தியில் ஓடிய அண்ணனைப் பார்த்தவன் நான்.

அடுத்த வாரம் மைத்துனன் சேதி கொண்டுவந்தான். பெண்ணுக்குத் திருச்சியில் ரத்தம் எடுத்து, ஒன்றுமில்லை என்று காட்டினால் மேற்கொண்டு பேசலாமாம்.

"நல்ல மனுசங்க. எறங்கி வந்திருக்காங்க" என்றான்.

மகள் அடுப்படியிலிருந்து வந்தாள். "எடுக்கறேன். அவரும் வரட்டும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல எடுத்துக்கறோம்."

"மாப்பிள்ளைக்கு யாராச்சும் டெஸ்ட் எடுப்பாங்களா?"

"ஏன் மாமா, அவருக்கு ரத்தம் ஓடலையா?"

"வெளையாடாத. இப்ப உனக்கு ஒண்ணுமில்ல. ஒரு ஊசி, முடிஞ்சு போச்சு."

"இப்ப இல்ல. முப்பத்தஞ்சு வயசுல வந்துச்சுன்னா? அந்த வூட்ல நான் எங்க ஒளிஞ்சு நின்னு மாத்திரை முழுங்குவேன்?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்திருப்பான். இல்லை. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அன்று சாயங்காலம் அவள் அழுததும் எனக்குத் தெரியும்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மகள் முடிவாகச் சொன்னதைச் சொல்ல நானே போன் செய்தேன். மாப்பிள்ளையின் அப்பாதான் எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குரல் தணிந்தது.

"மாத்திரை தீந்து பத்து பதினஞ்சு நாளாச்சுங்க. அரியலூர் போகலை. உங்க கண்ணுல பட்டுடுவேனோன்னு."

"அரியலூருக்கு எதுக்குப் போறீங்க? ஊருக்கே வந்து நர்ஸம்மா குடுக்கறாங்கள்ல?"

"வூட்டு வாசல்ல வெச்சுக் குடுப்பாங்களே. அவ இருக்காளே."

"இருக்கட்டுங்க. அவங்க பாக்கவே வாங்குங்க."

அவர் போனை வைக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இந்தா வரேன்" என்றவர், என்னிடம் மெல்லக் கேட்டார்:

"நீங்க மொதல்ல எப்படிங்க வூட்ல சொன்னீங்க?"