பிற்பாட்டு இல்லாத ராசா

என் கணவர் வருடத்தில் ஒரு நாள் மட்டும் ராசா. மிச்ச நாட்களில் கண்டாவளையில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். வைகாசியில் அம்மன் கோயில் பொங்கலன்று எங்கள் ஊர்க் கூத்தில் அவருக்கு முடி சூட்டுவார்கள். மறுநாள் காலை நான் அவரைக் கிணற்றடிக்கு அனுப்பி முகப்பூச்சைத் தேய்த்துக் கழுவச் சொல்வேன். கல்யாணம் கட்டின நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை. ராசா கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் வயிறு, நல்ல கறுப்பு. ஆனால் குரல் இருக்கிறதே, இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும்போது அடுத்த வயலில் நிற்பவரோடு கதைத்துக் கதைத்துப் பழுத்த குரல். அதை நான் அவர் முகத்துக்கு முன்னால் புகழ்வதில்லை. ஏற்கெனவே தலைக்கனம் போதுமான அளவு உண்டு.

கூத்தின் கதை இதுதான். ஒரு ராசா தன் குளத்துத் தண்ணீரை அயலூருக்குத் திறந்துவிட மறுக்கிறார். பிறகு அதே குளத்தில் மகனைப் பறிகொடுக்கிறார். கடைசியில் குளக்கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்து, பிள்ளையைத் திருப்பித் தா என்று அழுது பாடுகிறார். அந்தப் பாட்டுக்காகத்தான் சனம் முழித்திருக்கும். ராசா ஒரு அடி பாட, பின்னால் நிற்கிற பிற்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். பாய் விரித்து இருக்கிற சனமும் கூடப் பாடும். ராசா மூச்சு வாங்குவதும், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருவதும் அந்த இடைவெளியில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கூத்தைப் படமாக்க ஒருவர் வந்தார். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கனடாவுக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளை. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு, "அண்ணை, உங்கடை கூத்தைப் படமா எடுக்கப் போறன்" என்றார். என் கணவர் உடனே நிமிர்ந்து இருந்தார். வயிற்றைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று பார்த்தேன்.

பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "ராசாவுக்குக் கொழும்பிலை இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறன். தொலைக்காட்சி நாடகத்திலை வாறவர். படம் எண்டால் ஒரு முகம் வேணும் அண்ணை" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் இவருக்குக் கழுத்துக்கு மேலை என்ன தம்பி இருந்தது?" என்று குசினிக்குள் இருந்தே கேட்டேன்.

இவருக்கும் ஒரு வேடம் தந்தார்கள். காவலாளி. கதைக்க ஒரு வசனமும் இல்லை, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். "நான் போகமாட்டன்" என்று இரண்டு நாள் சாப்பாட்டோடு கோபித்தார். மூன்றாம் நாள், "சும்மா பாத்திட்டு வாறன்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். அவருக்குக் கோபம் படத்தில் மட்டும் இல்லை. கோயில் இளைஞர் இரண்டு பேர், படம் நன்றாக வந்தால் வருகிற வைகாசிக்கு நடிகரையே மேடைக்கும் கூப்பிடலாம், சனம் முரசுமோட்டையிலிருந்தும் வட்டக்கச்சியிலிருந்தும் அள்ளுப்படும் என்று கதைத்துத் திரிந்தார்கள். முடி கைவிட்டுப் போய்விடும் என்று இவர் பயந்தார். பயத்தைச் சொல்லாமல் என் சொதிக்கு உப்பில்லை என்றார்.

நடிகர் வந்து இறங்கினார். அழகன்தான், பொய் சொல்லக்கூடாது. நல்ல உயரம், நல்ல நிறம், பல்லெல்லாம் பளிச்சென்று. வயிறு என்ற சாமானே இல்லை. படப்பிடிப்புக்குச் சமைத்தது நானும் அயல் பெண்களும். நடிகர் சோறு தொடமாட்டார், அவித்த முட்டையில் வெள்ளை மட்டும் சாப்பிடுவார். மஞ்சள் கரு முழுக்கத் தின்று எங்கள் நாய்க்கு ஒரு பளபளப்பு வந்தது. மேலுடுப்பு இல்லாமல் அவர் குளக்கட்டில் ஏறி நின்றதைப் பார்த்து, என் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மச்சாள் கேட்டா, "உந்த ராசா ஊரைப் பட்டினி போட்டவரோ, தான் பட்டினி கிடந்தவரோ?"

புரட்டாதி வெயில். குளம் வற்றிக் கரையெல்லாம் சேறு. நடிகர் சேற்றில் கால் வைக்க அவருக்குப் பாய் விரித்தார்கள். ஒட்டின தாடி வியர்வையில் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதெல்லாம் பரவாயில்லை. பாட்டுத்தான் பிரச்சினை. பிள்ளைக்கு ஒரு பிடிவாதம்: அழுகிறவனுடைய குரலை அழுகிற இடத்திலேயே பதிய வேண்டும், இன்னொருவரின் குரலைப் பிறகு ஒட்டக்கூடாது. நடிகர் வாயைத் திறந்தார். சுருதி குளத்துக்கு அந்தக் கரையில் நின்றது, மனுசன் இந்தக் கரையில் நின்றார்.

இருந்தாலும் முதல் அடியைப் பாடி முடித்தார். முடித்ததும், பின்னால் ஈட்டியோடு நின்ற என் கணவர் அதே அடியைத் திருப்பிப் பாடினார். வேடிக்கை பார்க்க வந்து வயல் வரம்பில் நின்ற சனமும் பாடியது. சமையலடியில் நின்ற நாங்களும் பாடினோம். சத்தியமாக யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த அடியைக் கேட்டால் வாய் தானாகத் திறந்துவிடும்.

"கட்! கட்!" என்று பிள்ளை ஓடி வந்தார். நடிகர் திரும்பி எங்களைப் பார்த்து முழித்தார்.

"அண்ணா, இவங்க ஏன் பாடுறாங்க?"

"பிற்பாட்டு" என்றார் இவர்.

"ராசா தனியாத்தானே நிக்கிறார்? அப்ப பாடுறது யாரு?"

"ஊர்" என்றார் இவர்.

"படத்திலை அப்பிடி வராதண்ணை" என்று பிள்ளை குறுக்கே வந்தார். "குளக்கட்டிலை ஒருத்தரும் இல்லை. தனிமை. அதுதான் படம்." பிறகு எல்லோரையும் கும்பிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி பாடினோம். கடைசியில் இவருக்கு வாய் நிறைய வெற்றிலை கொடுத்து நிற்க வைத்தார்கள். வரம்பில் நின்ற சனத்தை வாய்க்காலுக்கு அப்பால் கலைத்தார்கள். நடிகர் தன்னந்தனியாகப் பாடினார். அடிக்கும் அடிக்கும் இடையில் காற்றுத்தான் கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்த இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிணற்றடியில் குளித்துக்கொண்டு அந்தப் பாட்டை அடியிலிருந்து நுனிவரை பாடினார், அயலுக்கெல்லாம் கேட்கட்டும் என்று. "படம் படுத்திடும், பாரும்" என்றார் என்னிடம். நானும் மனதுக்குள் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

சித்திரையில் படத்தை எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் காட்டினார்கள். பிளாஸ்ரிக் கதிரை போதாமல் சனம் நிலத்தில் இருந்தது. நடிகர் கொழும்பிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் கோயில் இளைஞர்கள், வைகாசிக்கு நாள் கேட்க ஆயத்தமாக. நாங்கள் நாலாம் வரிசை. இவர் கையைக் கட்டிக்கொண்டு, நெல்லுக்கு விலை பேச வந்தவரைப் போல இருந்தார்.

படம் பார்க்க வடிவுதான். எங்கள் குளம் அவ்வளவு அழகு என்று எனக்கே தெரியாது. ஆனால் கடைசிப் பாட்டு வந்ததும் மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். நடிகரின் குரல் நடுங்கி, இழுபட்டு, ஒரு அடியில் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, காற்று. இரண்டாவது அடி, திரும்பவும் காற்று. இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் நடிகரின் தலை குனிந்துவிட்டது. அவருடைய பின்கழுத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. முட்டையின் வெள்ளையை மட்டும் தின்று அந்த மனுசன் எவ்வளவு பாடுபட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது அடி முடிந்தது. காற்றுச் சத்தம் தொடங்க முன்னம், என் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பி அந்த அடியைத் திருப்பிப் பாடியது.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர்தான். கட்டின கை கட்டினபடியே இருந்தது, கண் திரையில் இருந்தது. அடுத்த அடிக்கு என் மச்சாள் சேர்ந்தா. அதற்கடுத்த அடிக்கு மண்டபமே சேர்ந்தது, சிரித்தவர்கள் உட்பட. திரையில் நடிகர் பாடப் பாட, நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் சுருதி விலகுவது யாருக்கும் கேட்கவில்லை. குளக்கட்டில் ஒருவன் பிள்ளைக்காக அழுவது மட்டும்தான் கேட்டது. நான் அழுதேன். படமெடுத்த பிள்ளையும் மூலையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைக் கண்டேன்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது கேட்டேன்: "இஞ்சாருங்கோ, படம் படுக்கோணும் எண்டு நிண்டது நீங்கள்தானே? இப்ப அந்தாளைத் தூக்கி விட்டிட்டியள். வைகாசிக்கு முடி போனால் என்னட்டை வந்து அழக்கூடாது."

இவர் முன்னால் பார்த்து ஓட்டியபடியே சொன்னார்:

"அந்தாள் தனிய நிண்டு பாடுது. விட்டிட்டு இருக்கேலுமே?"

முடி போகவில்லை. இளைஞர்கள் அன்று மண்டப வாசலிலேயே நடிகரைக் கேட்டிருக்கிறார்கள். வருகிறேன், ஆனால் ராசாவாக இல்லை, பின்னால் நிற்கிறவர்களோடு நிற்க என்று சொல்லிவிட்டாராம். சொன்னபடியே வைகாசிக்கு வந்தார். வேட்டி கட்டி, திருநீறு பூசி, பிற்பாட்டுக்காரரோடு வரிசையில் நின்றார். அவர் நின்றதைப் பார்க்கவே முரசுமோட்டையிலிருந்து சனம் வந்தது.

சுருதி மட்டும் போன வருடத்தைப் போலத்தான். கடைசிப் பாட்டில் இவர் ஒவ்வொரு அடி முடிக்கும்போதும் பின்னால் ஒரு குரல் மட்டும் தனியாக வாய்க்காலுக்குள் இறங்கிப் போனது. மறுநாள் கிணற்றடியில் முகப்பூச்சைக் கழுவிக்கொண்டிருந்த ராசாவிடம் நான் சொன்னேன், அடுத்த முறை அந்த நடிகர்த் தம்பியைக் கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொல்லுங்கோ என்று.

இவர் முகத்தில் சவர்க்கார நுரையோடு நிமிர்ந்தார். "ஒண்டும் சொல்லாதையும். அந்தக் குரல் கேட்டால்தான் எனக்கு இப்ப அடுத்த அடி வருது."